நார்தம்பர்லாந்து: கடல் நேரத்தைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள்

லண்டன் பக்கத்து ரெடிங்கில் வேலை, ஊரிலிருந்து அப்பா அம்மா ஜூனில் வருகிறார்கள், கையில் ஆறு இரவு, நாலு வயதுப் பையனுக்கு செப்டம்பரில்தான் பள்ளி. தெரிந்தவர்கள் எல்லோரும் ஏரியும் மலையுமான லேக் டிஸ்ட்ரிக்ட் போகச் சொல்கிறார்கள், நார்தம்பர்லாந்து போனால் சரிவருமா, எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது. அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மா சுத்த சைவம். இதுதானே உங்கள் கேள்வி? தாராளமாகப் போகலாம். லேக் டிஸ்ட்ரிக்டை விட உங்கள் குடும்பத்துக்கு இதுதான் பொருந்தும் என்றுகூடச் சொல்வேன்.

லேக் டிஸ்ட்ரிக்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் அழகு மலை ஏறுகிறவர்களுக்குத்தான் முழுசாகக் கிடைக்கும். ஏற முடியாதவர்களுக்கு ஒரு படகுச் சவாரி, ஒரு டீக்கடை, கார் நிறுத்த இடம் தேடி அலைச்சல், அவ்வளவுதான். நார்தம்பர்லாந்து இங்கிலாந்தின் வடகோடி. நியூகாசிலுக்கு மேலே தொடங்கி ஸ்காட்லாந்து எல்லை வரை போகிறது. கிழக்கே வட கடல், மேற்கே செவியட் மலைகள், தெற்கே ரோமானியர் கட்டிய சுவர். பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றின் பக்கத்திலேயே கார் போய்விடும். கூட்டமும் குறைவு. எல்லைப் போர்கள் பல நூற்றாண்டு நடந்த மண் என்பதால் கோட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை.

ஒன்று மட்டும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கடற்கரை என்றதும் மெரினாவை நினைத்துக்கொண்டு வரக் கூடாது. ஜூனிலும் காற்று சில்லென்று அடிக்கும். சில நாள் கடலிலிருந்து திடீரென்று பனிமூட்டம் ஏறி வரும். இங்கே அதை ஃபிரெட் என்பார்கள். கரையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஐந்து மைல் உள்ளே போனால் பளிச்சென்று வெயில். அப்படிப்பட்ட நாளில் கடற்கரைத் திட்டத்தை விட்டுவிட்டு உள்நாட்டுப் பக்கம் காரைத் திருப்புங்கள். ஸ்வெட்டர், காற்றுபுகாத மேல்சட்டை, காது மூடும் தொப்பி மூன்றும் கட்டாயம்.

இனி முக்கியமான விஷயம். உங்கள் ஆறு நாளையும் எப்படி அடுக்குவது என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது, கடல்தான் முடிவு செய்யும். லிண்டிஸ்ஃபார்ன் என்கிற ஹோலி ஐலண்டுக்குப் போகும் சாலை தினமும் இரண்டு முறை கடலுக்குள் மூழ்கிவிடும். ஒவ்வொரு ஏற்றத்தின்போதும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் தீவு துண்டாகிவிடும். இந்த நேரம் நாளுக்கு நாள் முக்கால் மணி, ஒரு மணி என்று தள்ளிக்கொண்டே போகும். ஒரு நாள் காலை எட்டு மணியிலிருந்து மதியம் வரை வசதியாகப் போய்வரலாம். அடுத்த வாரம் அதே கிழமையில் அந்த நேரம் முழுக்கத் தண்ணீராக இருக்கும். பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களை நார்தம்பர்லாந்து கவுண்டி கவுன்சில் முன்கூட்டியே வெளியிடுகிறது. அந்த அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அறையே பதிவு செய்ய வேண்டும். நீங்கள் இருக்கும் நாட்களில் எந்த நாள் பகல் நடுவில் ஐந்தாறு மணி நேரம் வழி திறந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த நாள் தீவுக்கு. மற்றதெல்லாம் அதைச் சுற்றி.

‘இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறதே, தண்ணீர் கொஞ்சம்தானே’ என்று இறங்கிவிடாதீர்கள். சாலையோரம் கால்கள் மேல் நிற்கும் ஒரு சிறு மரக்கூண்டு தெரியும். மாட்டிக்கொண்டவர்கள் ஏறி உட்கார்ந்து உயிர்காக்கும் படகுக்குக் காத்திருப்பதற்காகக் கட்டியது. அது சும்மா இருப்பதில்லை. ஆண்டுதோறும் கார்கள் மூழ்குகின்றன, ஆட்களை மீட்கிறார்கள், கார் குப்பைக்குப் போகிறது.

தங்குமிடத்துக்கு வருவோம். நியூகாசிலில் அறை எடுத்து தினமும் போய்வரலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். வடக்குக் கடற்கரைக்குப் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல், வரவும் அவ்வளவு. வார இறுதியில் கல்யாணத்துக்கு முந்தைய பார்ட்டிக் கூட்டம் விடிய விடியத் தெருவில். இரண்டு இடத்தில் தங்குங்கள்: கடற்கரைப் பக்கம் நாலு இரவு, ரோமானியச் சுவர்ப் பக்கம் இரண்டு இரவு. இந்தக் கணக்குக்கு ஒரு காரணம் உண்டு. இங்கே காட்டேஜ்களை வாரக் கணக்கில் விடுவார்கள். குறைந்த நாளுக்குக் கேட்டால் பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை நாலு இரவு, அல்லது வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று இரவு. திங்களன்று கடற்கரை காட்டேஜில் இறங்கி, வெள்ளியன்று சாவியைக் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் காலைச் சாப்பாட்டோடு அறை தரும் ஒரு பி அண்ட் பி-யில் வெள்ளி, சனி தங்கி, ஞாயிறு திரும்பினால் கச்சிதமாகப் பொருந்தும். ஜூலை மூன்றாம் வாரத்துக்குப் பிறகு பள்ளி விடுமுறை தொடங்கி வாடகை எகிறும். பையன் இன்னும் பள்ளிக்குப் போகாத இந்த ஒரு வருஷச் சலுகையை விட்டுவிடாதீர்கள்.

கடற்கரையில் எந்த ஊர்? என் ஓட்டு ஆன்விக்குக்கு. எழுத்தில் நடுவே ஓர் எல், ஒரு டபிள்யூ இருக்கும். கண்டுகொள்ளாதீர்கள், வாயில் சொல்லும்போது ஆனிக்தான். கடலுக்கு நாலைந்து மைல் உள்ளே இருந்தாலும் அது ஒரு முழு ஊர்: சூப்பர் மார்க்கெட், மருந்துக் கடை, மாலையில் அப்பா அம்மா காலாற நடக்க ஒரு கடைத்தெரு. கடல் பார்த்த ஜன்னல் வேண்டும் என்றால் சீஹவுசஸ் அல்லது பீட்னல். சீஹவுசஸ் பகலில் படகுக் கூட்டமும் பொரித்த மீன் வாசனையுமாகக் கொஞ்சம் திருவிழா மாதிரி இருக்கும், மாலையில் அடங்கிவிடும். பீட்னலில் விடுமுறை வீடுகள் நிறைய, கடை குறைவு. பாம்பரோ அழகான கிராமம், அதற்கேற்ற விலை. ஆன்மத், ஆற்று முகத்தில் வண்ண வீடுகளுடன் இருக்கும் சின்ன ஊர். அதன் ரயில் நிலையம் ஊரை விட்டுத் தள்ளி இருந்தாலும் லண்டன் ரயில்களில் சில அங்கே நிற்கும்.

ஹோலி ஐலண்டிலேயே ஓர் இரவு தங்குவதைப் பற்றியும் யோசியுங்கள். நாலைந்து விடுதிகள்தான், சீக்கிரம் நிரம்பிவிடும். பகலில் கார்களும் பஸ்களுமாக நெரியும் தீவு, வழி மூடியதும் காலியாகிவிடும். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம். மணல் திட்டுகளில் கிடக்கும் கடல்நாய்கள் ஊளையிடுவது ஊருக்குள் வரை கேட்கும். ஆனால் பெட்டி படுக்கையோடு மூன்று இடம் மாறுவது வயதானவர்களுக்கு அலுப்பு. உங்கள் நிலையில் நான் இதைத் தவிர்ப்பேன். நீங்களும் மனைவியும் மட்டும் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

காட்டேஜ் பதிவு செய்யும்போது படத்தை மட்டும் பார்க்காதீர்கள். பழைய கல் வீடுகளில் மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும், படுக்கையறைகள் எல்லாம் மேலே. அப்பாவுக்காகக் கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் கழிப்பறையும் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். இன்னொன்று குளியலறை. பல வீடுகளில் ஷவர் குளியல் தொட்டிக்கு மேலே இருக்கும். காலைத் தூக்கித் தொட்டிக்குள் வைத்துத்தான் குளிக்க வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அது தினசரி தண்டனை. தரையோடு இருக்கும் ஷவரா என்று கேட்டு வாங்குங்கள். தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். இல்லையென்றால் கடுகு வெடிப்பதற்குள் புகை அலாரம் அலறிவிடும்.

சாப்பாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துவரம்பருப்பு, பொடி வகைகள், அரிசி எல்லாம் ரெடிங்கிலிருந்தே கொண்டுவாருங்கள். மறந்தால் நியூகாசில் வெஸ்ட் ரோடு பக்கம் நம் ஊர்ச் சரக்குக் கடைகள் உண்டு, அதற்கு வடக்கே எதிர்பார்க்க வேண்டாம். பப்களில் சைவம் கிடைக்கும், ஆனால் மாலை எட்டு, எட்டரைக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள். அம்மா விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: வட இங்கிலாந்தில் சில கடைகளில் சிப்ஸையே மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். உருளைக்கிழங்குதானே என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், என்ன எண்ணெய் என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சீஸ் ஸ்கோன், சீஸும் வெங்காயமும் வைத்த பேஸ்ட்ரி, ஸ்டாட்டி என்கிற தட்டையான பெரிய ரொட்டி இவை வழித்துணை. உங்களுக்கு மீன் ஓடும் என்றால் கிராஸ்டர் கிராமத்துக்குப் போய் கிப்பர் சாப்பிட்டே ஆக வேண்டும். ஹெரிங் மீனைப் பிளந்து ஓக் மரத்தூள் புகையில் வாட்டுவது. 1856இல் கட்டிய புகைக்கூடத்தில் இன்றும் அதே வேலை நடக்கிறது. கூரை இடுக்கெல்லாம் புகை கசியும். தெருவுக்குள் நுழையும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

கிராஸ்டரிலிருந்து கடலோரமாகப் புல்வெளியில் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் டன்ஸ்டன்பரோ கோட்டை. கார் போக வழியே இல்லாத ஒரே பெரிய கோட்டை இதுதான், அதனால்தான் அதன் தனிமை கெடாமல் இருக்கிறது. இரண்டாம் எட்வர்டு மன்னனோடு மல்லுக்கு நின்ற லங்காஸ்டர் பிரபு தாமஸ் 1313இல் கட்டத் தொடங்கினான். 1322இல் தலையை இழந்தான். பாதை ஏறக்குறைய சமதளம், ஆனால் ஆட்டுப் புழுக்கையும் மேடு பள்ளமும் உண்டு. அப்பா பாதி தூரம் வந்து ஒரு பாறையில் உட்கார்ந்தாலும் கோட்டை முழுசாகத் தெரியும்.

இப்போது தீவு. அயர்லாந்துத் துறவிகளின் வழியில் வந்த எய்டன், ஆஸ்வால்டு மன்னன் அழைத்து, ஸ்காட்லாந்தின் அயோனா தீவிலிருந்து 635இல் இங்கே வந்து மடம் அமைத்தார். அவருக்குப் பின் வந்த கத்பர்ட்தான் இந்த வட்டாரத்தின் பெரிய புனிதர். 700ஐ ஒட்டி இங்கே எழுதி வண்ணம் தீட்டிய நற்செய்திப் பிரதி இப்போது லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 793இல் வைக்கிங்குகள் வந்து சூறையாடினார்கள். ஐரோப்பாவையே உலுக்கிய தாக்குதல் அது. இப்போது நிற்கும் சிவப்புக் கல் இடிபாடு அந்த முதல் மடம் அல்ல, பிறகு டர்ஹம் துறவிகள் கட்டியது. அதில் மேற்கூரை எல்லாம் போய் ஒரே ஒரு வளைவு மட்டும் ஆகாயத்தில் குறுக்கே நிற்கிறது. எப்படி இன்னும் விழாமல் இருக்கிறது என்று அப்பா நிச்சயம் கேட்பார்.

ஊரிலிருந்து கோட்டைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர், சமதளம். கடைசியில் மட்டும் கருங்கல் பாவிய செங்குத்துச் சரிவு. பதினாறாம் நூற்றாண்டுக் காவல் கோட்டையை 1900களின் தொடக்கத்தில் எட்வின் லட்யன்ஸ் ஒரு பத்திரிகை அதிபருக்காக விடுமுறை வீடாக மாற்றினார். ஆமாம், புது தில்லியைத் திட்டமிட்ட அதே லட்யன்ஸ்தான். உள்ளே எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அப்பா ஏறத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். அடிவாரத்தில் பழைய ஹெரிங் படகுகளைக் குப்புறக் கவிழ்த்துத் தார் பூசிக் கதவு வைத்துச் சாமான் கொட்டகையாக்கியிருக்கிறார்கள். பையனுக்குக் கோட்டையை விட அதுதான் பிடிக்கும்.

அடுத்தது ஃபார்ன் தீவுகள், இந்தப் பயணத்தின் உச்சம். சீஹவுசஸ் துறைமுகத்திலிருந்து படகு. பஃபின் என்ற பறவையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள்: கறுப்பு வெள்ளை உடம்பு, ஆரஞ்சும் நீலமுமாக வரிவரியாய் ஒரு பெரிய அலகு. மே மாதம் முதல் ஜூலை கடைசி வரை பல்லாயிரக்கணக்கில் இங்கே மண்ணில் பொந்து தோண்டிக் குஞ்சு வளர்க்கும். ஆகஸ்டில் போனால் ஒன்றுகூட இருக்காது. வாய் நிறைய ஐந்தாறு சின்ன மீன்களை மீசை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு பறந்து வந்து, உங்கள் காலடியிலேயே இறங்கி, சட்டென்று பொந்துக்குள் நுழைந்துவிடும்.

இன்னர் ஃபார்னில் இறங்கினால் ஆர்க்டிக் டெர்ன் என்ற கடற்காக்கை வகைப் பறவை நேராக மண்டையில் கொத்தும். விளையாட்டல்ல, ரத்தம் வரும். நடைபாதை ஓரத்திலேயே அதன் முட்டைகள் கிடப்பதால் யார் வந்தாலும் எதிரிதான். பையனுக்குக் கெட்டியான தொப்பி போட்டு, கையைப் பிடித்தே அழைத்துச் செல்லுங்கள். படகுக் கட்டணம் தனி, தீவில் இறங்க, பழைய இடங்களையும் இயற்கையையும் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் வசூலிக்கும் கட்டணம் தனி. அலை அதிகமானால் இறங்க விடமாட்டார்கள், அல்லது படகே போகாது. அதனால் திங்கள் வந்து இறங்கும் உங்களுக்கு, மறுநாள் செவ்வாய்ப் படகையே முன்கூட்டிப் பதிவு செய்யுங்கள். ரத்தானால் புதன், வியாழன் கையில் இருக்கும். கடைசி நாளுக்கு வைத்தவர்கள் பலர் பார்க்காமலே திரும்பியிருக்கிறார்கள். படகில் ஏறி இறங்க அப்பாவுக்குக் கைகொடுப்பார்கள், ஆனால் துறைப்படிகள் ஈரமாக வழுக்கும். அவருக்குத் தயக்கம் என்றால் தீவில் இறங்காமல் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் படகு இருக்கிறது. பறவைகளும் பாறையில் கிடக்கும் கடல்நாய்களும் அதிலிருந்தே நன்றாகத் தெரியும்.

படகு லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கத்தின் பக்கம் போனால் ஒரு கதை சொல்வார்கள். 1838 செப்டம்பர் 7 விடியற்காலை, ஃபார்ஃபர்ஷயர் என்ற நீராவிக் கப்பல் புயலில் பாறையில் மோதி உடைந்தது. கலங்கரை விளக்கக் காவலரின் மகள் கிரேஸ் டார்லிங், 22 வயது, அப்பாவோடு சேர்ந்து துடுப்புப் படகில் அந்தக் கொந்தளிப்பில் போய் உயிர் பிழைத்தவர்களை மீட்டாள். நாடே அவளைக் கொண்டாடியது. ஓவியர்கள் வரிசையில் வந்தார்கள், அவள் தலைமுடியில் ஒரு கொத்து கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. நாலே வருஷத்தில் காசநோயில் இறந்துபோனாள். பாம்பரோவில் அவள் அருங்காட்சியகம் இருக்கிறது, கட்டணம் இல்லை; அந்தச் சின்னப் படகையே அங்கே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு எதிரே தேவாலயத்துக்குப் போனால் அவள் நினைவுச் சின்னம். கடலில் போகிற கப்பல்களுக்குத் தெரியும்படி உயரமாகக் கட்டியது.

பாம்பரோ கோட்டை தூரத்திலிருந்து பார்க்கத்தான் அழகு. கறுத்த எரிமலைப் பாறை மேல் நீளமாகப் படுத்திருக்கும், கீழே மைல்கணக்கில் வெறும் மணல். 1464இல் பீரங்கியால் அடித்து வீழ்த்திய இங்கிலாந்தின் முதல் கோட்டை இதுதான் என்பார்கள். இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி, 1894இல் இதை வாங்கிய வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் பணத்தைக் கொட்டிப் புதுப்பித்தது. உள்ளே போக நேரமில்லை என்றால் வருத்தப்படாதீர்கள். மணலில் இறங்கிப் பையனை ஓடவிடுங்கள்.

ஆனால் அதே ஆர்ம்ஸ்ட்ராங்கின் சொந்த வீட்டை விட்டுவிடக் கூடாது. ராத்பரி ஊருக்குப் பக்கத்தில் கிராக்சைடு. வக்கீலாக இருந்து இன்ஜினியராக மாறியவர். தண்ணீர் அழுத்தத்தால் இயங்கும் கிரேன் செய்தார், பிறகு பீரங்கி, போர்க்கப்பல். லண்டன் டவர் பிரிட்ஜைத் தூக்கிய பழைய நீர் இயந்திரங்கள் இவர் கம்பெனி செய்தவை. கிராக்சைடில் மலையில் ஏரிகள் வெட்டி, அந்தத் தண்ணீரை விழவைத்து மின்சாரம் எடுத்து, 1878இல் ஆர்க் விளக்கு என்ற ஆரம்பகால மின்விளக்கு ஒன்றை எரிய வைத்தார். 1880இல் நியூகாசில்காரர் ஜோசப் ஸ்வான் செய்த பல்புகளைப் போட்டார். நீர் மின்சாரத்தால் வெளிச்சம் பெற்ற உலகின் முதல் வீடு இது. தண்ணீரால் ஓடும் லிஃப்ட், அடுப்பில் இறைச்சிக் கம்பியைத் தானாகத் திருப்பும் சாதனம், எல்லாம் பார்க்கலாம். பாரசீக ஷா, சயாம் மன்னர் எல்லாம் வந்து தங்கியிருக்கிறார்கள். வந்தது விருந்துக்கு என்றாலும் ஆயுத வியாபாரமும் கூடவே நடந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

உங்களுக்கு இந்த இடம் பொருந்துவதற்கு வேறு காரணமும் உண்டு. தோட்டத்தைச் சுற்றி ஆறு மைலுக்கு ஒருவழிக் கார்ப்பாதை இருக்கிறது. ஜூன் முதல் பாதியில் போனால் இரு பக்கமும் ரோடோடென்ட்ரான் சிவப்பும் ஊதாவுமாகக் கொட்டிக் கிடக்கும். நடக்காமலே, இஷ்டப்பட்ட இடத்தில் நிறுத்தி நிறுத்தி அப்பா முழுசாகப் பார்த்துவிடலாம். வரும் வழியில் பெட்ரோல் போட்டுவிடுங்கள், இந்தப் பக்கம் பங்க் அபூர்வம்.

ஆன்விக் கோட்டையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1309 முதல் பெர்சி குடும்பத்தின் கையில் இருக்கிறது, இன்றும் குடியிருக்கிறார்கள். ஹாரி பாட்டர் முதல் படத்தில் துடைப்பத்தில் பறக்கக் கற்றுக்கொடுப்பது இதன் முற்றத்தில்தான். பக்கத்தில் இருக்கும் ஆன்விக் கார்டன் வேறு நிர்வாகம், வேறு டிக்கெட். ஒன்றை வாங்கிவிட்டு மற்றதும் சேர்த்தி என்று நினைக்க வேண்டாம். அங்கே பூட்டிய இரும்புக் கதவுக்குப் பின்னே ஒரு விஷத் தோட்டம். தொடக் கூடாது, முகரக் கூடாது, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். பயமுறுத்தும் பலகையோடு அங்கே வளர்க்கிற செடிகளில் ஒன்று ஆமணக்கு. கொல்லையில் தானாக முளைக்கிற செடிக்கு இவ்வளவு காவலா என்று அம்மா சிரிக்கப் போகிறார். மழை பெய்தால் பார்ட்டர் புக்ஸ். பழைய ரயில் நிலையம் முழுவதும் பழைய புத்தகக் கடை. அலமாரிகளுக்கு மேலே பொம்மை ரயில் ஓடிக்கொண்டே இருக்கும், கணப்பு அடுப்பு, சோபா, காபி. மூன்று தலைமுறையும் ஆளுக்கொரு மூலையில் இரண்டு மணி நேரம் உட்காரலாம்.

வெள்ளியன்று தெற்கே, ஹேட்ரியன் சுவர் என்கிற அந்த ரோமானியச் சுவருக்கு. தங்க ஹெக்சம் அல்லது கார்பிரிட்ஜ். ஹெக்சம் கொஞ்சம் பெரிய ஊர், ரயில் நிலையம் உண்டு, அங்குள்ள தேவாலயத்தின் கீழறையை ஏழாம் நூற்றாண்டில் ரோமானியக் கற்களைப் பெயர்த்து வந்து கட்டினார்கள். சுவர் 122இல் தொடங்கியது. கடலிலிருந்து கடல் வரை 117 கிலோமீட்டர். எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

பெரும்பாலான பயணக் குறிப்புகள் ஹவுஸ்டெட்ஸ் கோட்டையை முதலில் போடும். ரோமானியச் சிப்பாய்கள் வரிசையாக உட்கார்ந்த பொதுக் கழிப்பறை அங்கே நன்றாகவே மிஞ்சியிருக்கிறது. ஆனால் கார் நிறுத்துமிடத்திலிருந்து நல்ல ஏற்றம். அப்பாவுக்கு செஸ்டர்ஸ் போதும்: சமதளப் புல்வெளி, ஆற்றங்கரையில் ஆளுயரச் சுவர்களோடு ஒரு ரோமானியக் குளியல்கூடம். சுவர் பாறை முகட்டில் ஏறி இறங்கிப் போகும் காட்சிக்கு ஸ்டீல் ரிக் கார் நிறுத்துமிடம். காரிலிருந்து இறங்கிச் சில நிமிஷ நடை. அங்கிருந்து கிழக்கே ஒன்றரைக் கிலோமீட்டரில் சிகமோர் கேப். இரண்டு மேடுகளுக்கு நடுவே தனியாக நின்ற மரத்தை 2023 செப்டம்பரில் இரண்டு பேர் ராத்திரியோடு ராத்திரியாக ரம்பம் போட்டு அறுத்துவிட்டார்கள். 2025இல் அவர்களுக்குச் சிறைத் தண்டனை ஆனது. அடிக்கட்டை துளிர்விட்டிருக்கிறது. வழி செங்குத்துப் படிகள், நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் விண்டோலாண்டா. சுவருக்குச் சற்றுத் தெற்கே, சுவர் கட்டுவதற்கு முன்பே இருந்த கோட்டை. காற்றுப் புகாத ஈர மண்ணில் தோல் செருப்புகள் ஆயிரக்கணக்கில், மரச் சாமான், குத்துச்சண்டைக் கையுறை என்று எதுவும் மக்காமல் கிடைத்திருக்கிறது. கோடையில் தன்னார்வலர்கள் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கேள்வி கேட்டால் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். 1973இல் இங்கேதான் ஓலை போல மெல்லிய மரச் சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைக்கத் தொடங்கின. ஒரு தளபதியின் மனைவி இன்னொருத்தியைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். கடைசி வரியைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். ஒரு கணக்குச் சீவலில் ஒருவன் பெயருக்கு நேரே மிளகு, இரண்டு தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு) என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் மிளகு சேரநாட்டுக் கரையிலிருந்துதான் போயாக வேண்டும். முசிறியில் யவனர் பொன் கொடுத்துக் கறி, அதாவது மிளகு, ஏற்றிப்போனதாகச் சங்கப் பாட்டு சொல்லும் கதையின் மறுமுனை இந்தக் குளிர்க்காட்டில் கிடக்கிறது. கடிதங்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் மியூசியத்தில், சில இங்கேயே உள்ள அருங்காட்சியகத்தில். அருங்காட்சியகம் பள்ளத்தில் இருக்கிறது. இறங்குவதை விட ஏறுவது அப்பாவுக்குச் சிரமம், அதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

விடக்கூடியவை: கீல்டர் காட்டுப் பகுதி. இங்கிலாந்தின் மிக இருண்ட வானம் என்று பெயர் வாங்கியது, ஆனால் ஜூனில் முழு இருட்டே வராது. காட்டில் மிட்ஜ் என்ற பொடிக்கொசு வேறு பிய்த்துவிடும். குளிர்காலத்தில் வாருங்கள். பெரிக் எல்லை ஊர், கோட்டை மதில் மேல் முழு வட்டம் நடக்கலாம். மதிலின் பல இடங்களில் தடுப்பே இல்லை, நாலு வயதுப் பையனோடு நிம்மதியாக நடக்க முடியாது.

போக்குவரத்துக்கு, ரெடிங்கிலிருந்து காரிலேயே வந்தால் ஐந்தரை, ஆறு மணி நேரம். வயதானவர்களுக்குக் கால் வீங்கிவிடும். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து நியூகாசிலுக்கு ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், அங்கே கார் வாடகைக்கு எடுங்கள். நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டை இருந்தால் கிராக்சைடு, லிண்டிஸ்ஃபார்ன் கோட்டை, ஃபார்ன் இறங்கு கட்டணம் மூன்றுக்கும் உதவும். சுவர்க் கோட்டைகளும் லிண்டிஸ்ஃபார்ன் மடமும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற இன்னோர் அமைப்பின் வசம். விண்டோலாண்டா இரண்டிலும் சேராது, தனி டிரஸ்ட்.

முதலில் கடல் அட்டவணை, அடுத்து காட்டேஜ், மூன்றாவது செவ்வாய்க்கிழமைப் படகு, கடைசியாக ரயில் டிக்கெட். இந்த வரிசையில் பதிவு செய்யுங்கள். ஞாயிறு திரும்பும்போது மாலை ரயிலாகப் போட்டால் நியூகாசிலில் காரை ஒப்படைத்துவிட்டு, கால் மணி நேரத்தில் வரும் டர்ஹமில் இறங்கலாம். வைக்கிங்குகளுக்குப் பயந்து துறவிகள் தீவிலிருந்து தூக்கிக்கொண்டு அலைந்த கத்பர்ட்டின் உடல் கடைசியில் சேர்ந்தது அங்குள்ள பேராலயத்தில்தான். நிலையத்திலிருந்து பேராலயத்துக்கு நல்ல ஏற்றம், டாக்சி எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு வழிபாட்டு நேரங்களில் பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள், நேரத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.